சபுராவின் ஓட்டு

1

போன செவ்வாய்க்கிழமை என் மகளை அறைந்துவிட்டேன். அமெரிக்காவுக்கு வந்த பதினைந்து ஆண்டுகளில் இதுதான் முதல்முறை. தட்டவில்லை, ஓங்கி அறைந்தேன். ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்தன. அவளுடைய மூக்குக் கண்ணாடி பறந்துபோய் ஃபிரிட்ஜில் மோதி ஒரு கால் ஒடிந்தது. காரணத்தைச் சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். ஜனாதிபதித் தேர்தல்.

யாழினிக்குப் பதினான்கு வயது. அவள் பள்ளியில் விவாதப் போட்டி. நாட்டின் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, இப்போது இருப்பதுபோல மறைமுகமாகவே தேர்ந்தெடுக்கலாமா என்பது தலைப்பு. இங்கே நாம் போடும் ஓட்டு நேராகத் தலைவருக்குப் போவதில்லை. மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று ஒரு வாக்காளர் குழு இருக்கிறது. அவர்கள் கூடிப் போடும் ஓட்டில்தான் தலைவர் வருகிறார். சீட்டுக் குலுக்கியதில் யாழினிக்கு மறைமுகத் தேர்தலை ஆதரித்துப் பேச விழுந்திருந்தது.

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து பேசிப் பழகினாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் அவளுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். பொறுப்புள்ள சில பேர் நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடுத்தால் கும்பலின் ஆவேசம் நாட்டைக் கெடுக்காது என்றாள். சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்ன வாக்கை மீறி எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடும் உறுப்பினர்கள் எப்போதாவது முளைப்பார்கள், சில மாநிலங்களில் அவர்களுக்கு அபராதம் உண்டு என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

"அபராதம் எதற்கு? விரலை வெட்டிவிட வேண்டியதுதானே. அடுத்த முறை எவனும் மாற்றிப் போட மாட்டான்" என்றாள். சொல்லிவிட்டு, நான் நறுக்கும் பலகைமேல் தன் வலது கையை வைத்து, இடது கையால் நான்கு விரல்களையும் வெட்டுவதுபோல நடித்துச் சிரித்தாள்.

அப்போதுதான் அறைந்தேன்.

2

மறுநாள் பள்ளியில் கன்னத்தைப் பார்த்துவிட்டார்கள். மத்தியானமே அழைப்பு வந்தது. ஆலோசகர் ஒரு இளம்பெண், நல்ல மாதிரி. ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் பதற்றத்தில் யோசித்துப் பார்த்து, என் அம்மா கொடுத்துவிட்ட அரிவாள்மனை ஒன்று இருக்கிறது என்றேன். அது என்ன என்றாள். கால் பக்கம் வைத்து உட்கார்ந்து நறுக்கும் கத்தி என்று விளக்கினேன். அவள் பேனா நின்றுவிட்டது. தேங்காய் துருவவும் உதவும் என்று நான் சேர்த்துச் சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. திங்கட்கிழமை ஒரு அம்மாள் வீட்டைப் பார்க்க வருவார் என்று தேதி கொடுத்தார்கள்.

அதே படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. இதற்கு முன் யாரையாவது அடித்திருக்கிறீர்களா? 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குக் காரோட்டி வரும் வழியெல்லாம் அந்த 'இல்லை' என்னைத் தின்றது.

3

நான் அமெரிக்கா வருவதற்கு முந்தைய ஐப்பசி. எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் முன்னாலேயே அமெரிக்கா வந்துவிட்டார். நான் விசாவுக்காகக் காத்துக்கொண்டு தென்காசிப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். என் பெரியப்பா மகன் செல்லத்துரை அண்ணன் எங்கள் ஒன்றியத்தில் கவுன்சிலராக ஜெயித்து, ஒன்றியத் தலைவர் பதவிக்கு நின்றார். அந்தத் தலைவரையும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், கவுன்சிலர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஐந்து ஓட்டு வாங்கியவர் தலைவர். அண்ணனையும் சேர்த்து எங்கள் பக்கம் சரியாக ஐந்து பேர் இருந்தார்கள்.

ஐந்தில் ஒருவர் கைமாறினாலும் போச்சு. அதனால் ஓட்டு நாள் வரை எல்லோரையும் குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு காட்டேஜில் அடைத்து வைத்தார்கள். இதற்கு ஊரில் சுற்றுலா என்று பெயர். சீசன் முடிந்து அந்த இடமே காலி. மலையில் மழை கொட்டி அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். வேளாவேளைக்கு நாட்டுக்கோழி, பரோட்டா, ஆண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள். வாசலில் மட்டும் ஆறு தடியன்கள்.

ஐவரில் இரண்டு பேர் பெண்கள். சபுரா, கடையநல்லூர்ப் பக்கத்தில் தறி ஓட்டுகிற குடும்பம். கணவர் காதர் சவுதியில் டிரைவர், அப்போது லீவில் வந்திருந்தார். இன்னொருத்தி செண்பகம், நடவு வேலைக்குப் போகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகளைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"கோமதி, பொம்பளையாளுவள நீ பாத்துக்கோட்டி. போனெல்லாம் வாங்கி வச்சிக்கோ. கக்கூசுக்குப் போனாலும் வாசல்ல நில்லு" என்றார் அண்ணன்.

நின்றேன். அவர்கள் போன்களை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். துணைக்கு வந்திருக்கிறேன் என்று அவர்களிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். நான் ஜெயில் வார்டன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் என் போனுக்கு செண்பகத்தின் மதினி பேசினாள். செண்பகத்தின் மகள் பெரியமனுஷி ஆகிவிட்டாள். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "ஓட்டு முடியட்டும். அதுவரைக்கும் அவ காதுல போடாத" என்றார். போடவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் செண்பகத்துக்கு ஒரு கோழிக்கால் கூடுதலாக வைத்தேன். அடுத்த நாள் பால் கொண்டுவந்த ஆள் வாய் தவறி வாழ்த்துச் சொல்லிவிட்டான். செண்பகம் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"விடுங்க டீச்சர்! எம்புள்ள ஒத்தையில கெடக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு மணிக்கூர்ல வந்துருதேன்!"

கதவை மறித்து நின்றேன். என்னைத் தள்ளினாள். நான் அவளை அறைந்தேன். உதடு பல்லில் கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. சபுரா ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர், ஆடா மாடா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். செண்பகம் அழவில்லை. சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அடங்கிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்தாம் நாள் பண்பொழி மலை முருகன் கோயிலுக்கு எல்லோரையும் வேனில் கூட்டிப்போய்ச் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார் அண்ணன். செண்பகமும் அடித்தாள். சபுரா மட்டும் வேனைவிட்டு இறங்கவில்லை. "சூடத்துல அடிக்கது எங்களுக்குக் கெடையாது அண்ணாச்சி. வாக்குக் குடுத்துட்டேன், அது போதாதா?" என்றாள். அந்த இடத்திலேயே அண்ணன் அவள்மேல் ஒரு சந்தேகப் புள்ளி வைத்துவிட்டார் என்பது அவர் திரும்பி நடந்த நடையிலேயே தெரிந்தது.

4

ஓட்டு ரகசிய ஓட்டு. சீட்டில் பேனாவால் பெருக்கல் குறி போட வேண்டும். யார் போட்ட சீட்டு எது என்று கண்டுபிடிக்க அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு மாதிரிக் குறி. ஒருவருக்குப் பெரிதாக, ஒருவருக்குப் பொடியாக. சபுராவுக்கும் செண்பகத்துக்கும் குறியின் கீழே ஒரு கால் நீளம், ஒருத்திக்கு ஒரு பக்கம், மற்றவளுக்கு மறுபக்கம். எண்ணும்போது அண்ணன் பார்ப்பார். எந்தக் குறி வரவில்லையோ அவர்தான் துரோகி.

பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. காகிதத்தில் எழுதக் கூடாது, போலீஸ் கையில் சிக்கும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஓட்டு நாள் காலையில் இருவரையும் எதிரே உட்காரவைத்துக் காற்றில் விரலால் போட்டுக் காட்டினேன். சபுராவுக்கு என் வலது பக்கம் நீட்டினேன், செண்பகத்துக்கு இடது பக்கம். "இந்தக் கால் நீளம், பாத்துக்கோங்க" என்றேன். அவர்களும் காற்றில் போட்டுக் காட்டினார்கள். நான் இழுத்த பக்கமே அவர்களும் இழுத்தார்கள். சரியாக இருந்தது. மறந்துவிடாமலிருக்க என் உள்ளங்கையில் மட்டும் பேனாவால் எழுதிக்கொண்டேன். வலது சபுரா, இடது செண்பகம்.

எதிரே இருப்பவருக்கு என் வலது இடதாகத் தெரியும். ஆறு வருஷம் டீச்சராக இருந்த எனக்கு இது உறைக்கவில்லை. கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித்தானே நிற்போம், எழுத்து அவர்களுக்கும் எனக்கும் ஒரே பக்கம்தான் இருக்கும். அன்றைக்கும் கரும்பலகை இருந்திருந்தால் ஒரு மனிதனின் கை முழுதாக இருந்திருக்கும்.

காலை பத்தரைக்கு ஒன்றிய அலுவலகத்துக்குள் போனார்கள். நான் வெளியே வேனில் இருந்தேன். அரை மணி நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. கண்ணாடி உடைந்தது. ஜன்னல் வழியாக ஒரு நாற்காலி வந்து விழுந்தது, அடுத்து மைக். நான்குக்கு ஐந்து, அண்ணன் தோற்றுவிட்டார். போலீஸ்காரர்கள் லத்தியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே போய், ஜெயித்தவரை நடுவில் வைத்து முன்வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். எல்லாப் போலீசும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

அண்ணன் பின்வாசல் வழியாக வேனுக்கு வந்தார். சட்டை கிழிந்திருந்தது. நெற்றியில் ரத்தம்.

"வலது கால் நீளமுள்ள சீட்டு வரல. அது யாருட்டி?"

உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.

"சபுரா" என்றேன்.

காதர் தன் மனைவியைக் கூட்டிப்போகப் பைக்கில் பின்பக்கச் சந்துக்கு வந்திருந்தார். சபுரா அப்போதுதான் ஏறி உட்கார்ந்தாள். அண்ணனின் ஆட்கள் மூன்று பேர் ஓடினார்கள். முதல் உதையில் பைக் சாய்ந்தது. ஒருத்தன் சபுராவின் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான், இன்னொருத்தன் அவள் வயிற்றில் மிதித்தான். "ஏலே, பொம்பளலே அவ! விடுங்கலே!" என்று காதர் பாய்ந்தார். மூன்றாமவன் வெட்டரிவாளை அவர் தலைக்கு ஓங்கினான். அவர் வலது கையைத் தூக்கித் தடுத்தார். நான்கு விரல்களும் சந்தில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் விழுந்தன.

அவர் அலறவில்லை. குனிந்து அந்தச் செந்தண்ணீருக்குள் இடது கையால் துழாவித் தன் விரல்களைத் தேடினார். சபுரா தவழ்ந்து வந்து இரண்டை எடுத்து முந்தானையில் முடிந்தாள். மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. செண்பகம் வேனுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவள் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. பயத்தில் ஆடுகிறாள் என்று நினைத்தேன்.

5

சபுராவின் போன் என் சம்படத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் அதைக் கொடுக்கத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். எடுத்த விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அண்ணாச்சிக்குத்தான் போட்டேன் டீச்சர். எதுக்கு எங்களப் பழி சொல்லுதாவ?" என்றாள்.

பெஞ்சில் படிந்திருந்த தூசியில் விரலால் போட்டுக் காட்டினாள்.

"இங்கன பாருங்க. நீங்க காட்டுன மாதிரிதான போட்டேன்?"

முதல்முறையாக இருவரும் ஒரே பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். தூசியில் அவள் போட்ட குறியின் இடது கால் நீளமாக இருந்தது. என் கையில் எழுதியிருந்தபடி இடது செண்பகத்துடையது. எனக்கு எல்லாம் அந்த நொடியில் விளங்கிவிட்டது. அண்ணனுக்கு விழுந்த, இடது கால் நீண்ட அந்தச் சீட்டு சபுரா போட்டது. எதிர்ப்பக்கம் போட்டவள் செண்பகம். அவளை அப்படிப் போடவைத்தது அவள் மகளிடம் போகவிடாமல் நான் அறைந்த அறை. தப்பான குறி சொல்லிக்கொடுத்தது நான். பெயரைச் சொன்னதும் நான்.

"ஆமாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அரிவாள் செண்பகத்தின் கழுத்துக்குப் போகும், அதனால்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். அதில் பாதிதான் நிஜம். மற்றப் பாதி, பதினோரு நாளில் சென்னையில் எனக்கு விசா நேர்காணல் இருந்தது. போலீஸ் வழக்கில் என் பெயர் வந்துவிடக் கூடாது. வழக்கும் 'அடையாளம் தெரியாத மூன்று பேர்' என்று எழுதி மூடப்பட்டது. மூன்று பேரையும் எனக்கு அடையாளம் தெரியும். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்.

சென்னையில் கண்ணாடிப் பெட்டிமேல் விரல்களை வைக்கச் சொன்னார்கள். வலது கையின் நான்கு விரல்களையும் ஒன்றாக அழுத்தச் சொன்னாள் அங்கிருந்த பெண். வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அதே மாதம் காதரின் சவுதி விசா காலாவதியானது. வண்டி ஓட்ட விரல் இல்லாதவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. பிறகு கிரீன் கார்டுக்கு, குடியுரிமைக்கு என்று ஒவ்வொரு முறையும் இதே நான்கு விரல்களைக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சந்துத் தண்ணீருக்குள் கையை விடுவதுபோலத்தான் வைத்தேன்.

மேயரையும் சேர்மனையும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, மறைமுகமாகவா என்று நம் ஊரிலும் விவாதம் நடக்கும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். அமெரிக்காவில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. என் அபிப்பிராயம் இவ்வளவுதான். நான்கு பேரைக் காட்டேஜில் அடைக்கலாம். நாற்பதாயிரம் பேரை அடைக்கக் குற்றாலத்தில் அவ்வளவு காட்டேஜ் இல்லை.

6

புதன்கிழமை சாயங்காலம் யாழினியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒடிந்த கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி மாட்டியிருந்தாள். நடுவில் ஒரு தடவைகூடப் போனைத் தொடவில்லை. முடித்ததும் தமிழில் கேட்டாள். "அவங்ககிட்ட சொன்னியா?"

அவள் இவ்வளவு நேராகத் தமிழில் கேட்டது இதுதான் முதல் தடவை.

சொந்தக்காரர்கள் மூலம் நம்பர் வாங்கி, சனிக்கிழமை முதலில் செண்பகத்தைக் கூப்பிட்டேன். அவள் செங்கோட்டை தாண்டிப் புனலூரில் மகளோடு இருக்கிறாள். அன்றைக்குப் பெரியமனுஷி ஆன அந்த மகள் அங்கே நர்ஸ். நான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தேன். செண்பகம் குறுக்கே பேசினாள்.

"சபுராக்காவுக்குத் தெரியும் டீச்சர். அந்த வாரமே போயி அவ காலுல விழுந்து சொல்லிட்டேம்லா."

"அவ என்ன சொன்னா?"

"ஓம் மவளுக்குச் சடங்குத் தண்ணி ஊத்தியாச்சாட்டின்னு கேட்டா."

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதை நான் பத்திரிகையில் எழுதினால் உனக்கு ஆபத்து வருமா என்று கேட்டேன். "நான் இப்பம் கேரளாக்காரி. எழுதுங்க. அவிய வந்து வெட்டுனா வெட்டட்டும், எம்புள்ள கரையேறிட்டா" என்றாள்.

பிறகு சபுராவைக் கூப்பிட்டேன். நான் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை.

"மன்னிப்பு கெடக்கட்டும் டீச்சர். பதினஞ்சு வருசமா நீங்க பேசுவியன்னு பாத்துக்கிட்டே இருக்கோம். செண்பகம் சொன்னா அவ கழுத்து போவும். நான் சொன்னா தப்பிக்கப் பாக்கான்னு சொல்லுவாவ. செல்லத்துரை தங்கச்சி சொன்னாத்தான் ஊரு நம்பும்."

"காதர் அண்ணாச்சிக்காவது சொல்லியிருக்கலாம்லா அக்கா?"

"அவரு கோவக்காரரு. தெரிஞ்சா தெருவுல நின்னு கத்திருவாரு. செண்பகத்த வெட்டிப் போட்டுருவானுவ." மூச்சு வாங்கினாள். "ஒரு நாளு, ஒத்த நாளு, நீ மாத்திப் போட்டியான்னு அவரு என்கிட்ட கேக்கல டீச்சர். கேட்டா இல்லன்னு சொல்லலாம். கேக்காமலே மனசுல வச்சிக்கிட்டு, அந்தக் கையால என் தலையத் தடவுதாரு. அதத்தான் தாங்க முடியல. நீங்க பேப்பர்ல எழுதுங்க. அவரு எழுத்துக் கூட்டி வாசிப்பாரு."

இதை வாசித்தால் செல்லத்துரை அண்ணன் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுச் சுவரும் என் பங்கு வீட்டுச் சுவரும் ஒன்றுதான். இனி அந்த வாசலில் நான் கால் வைக்க முடியாது. ஊரைவிட்டு வந்து பதினைந்து வருஷம் ஆனாலும் இன்றைக்குத்தான் நிஜமாக வெளிநாட்டுக்காரி ஆகிறேன். ஆகட்டும். நாளைக்கு வீட்டைப் பார்க்க வரும் அம்மாளிடம் படிவத்தைத் திருப்பிக் கேட்டு, அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று மாற்றப் போகிறேன்.

காதர் அண்ணாச்சி, இந்தப் பகுதியை மட்டும் நீங்கள் எழுத்துக் கூட்டி வாசித்தால் போதும். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடும்படி பத்திரிகை ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். உங்கள் மனைவி கொடுத்த வாக்கை மாற்றவில்லை. சபுரா செல்லத்துரைக்குத்தான் ஓட்டுப் போட்டாள். எண்ணும்போது அவரே அந்தச் சீட்டைப் பார்த்தார். அவள் பெயரைத் தவறாகச் சொன்னவள் நான், கோமதி.